வட ஆற்காட்டில் ஒளிந்திருந்த சித்தூர்

‘முட்டி வளி எண்ணெ பாட்டி’ என்று தட்டினாலும் கூகுளுக்குப் புரிந்துவிடுகிறது. ‘முட்டி வலியைத்தானே சொல்ல வந்தீர்கள்?’ என்று பவ்யமாகக் கேட்கிறது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் பிழையை என் மனைவி ஒரு தடவைகூட இவ்வளவு மரியாதையாகத் திருத்தியதில்லை. இப்படிச் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்த ஆளை நூலகத்துக்கு அனுப்பலாமா?

அனுப்பியது வேலூர் மச்சினன். ‘உங்க சித்தூர் அந்தக் காலத்துல எங்க வேலூருக்கு அடங்கின ஊர்தானே மாமா?’ என்று விருந்தில் எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டான். மனைவி உடன்பிறந்த பாசத்தில் அவனுக்கு இன்னொரு வடை வைத்தாள். ஆதாரத்தோடு வருகிறேன் என்று திருப்பதிக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு நூலகத்தின் கணினியில் ‘சித்தூர் பெரிய ஊரா வேலூர் பெரிய ஊரா’ என்று மனசில் பட்டதை அப்படியே கேட்டேன். முடிவுகள்: பூஜ்யம். ‘இதைத்தானே கேட்க வந்தீர்கள்’ என்ற உபசாரமெல்லாம் இல்லை. சரி, ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை மட்டும் போடலாம் என்றால் இரண்டு ‘ஓ’வா, ஒரு ‘யு’வா என்ற சந்தேகம். பாதி எழுத்தோடு விட்டேன். ராஜஸ்தானத்துச் சித்தோர்கட் கோட்டை, பாலக்காட்டுச் சித்தூர், வங்கதேசத்துச் சிட்டகாங் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. நான் எந்தச் சித்தூரில் பால் வாங்குகிறேன் என்பது கைப்பேசிக்குத் தெரியும். நூலகப் பட்டியலுக்குத் தெரியாது. அது புத்தகத்துக்குள்ளேயும் போய்ப் பார்ப்பதில்லை. தலைப்பு, ஆசிரியர், பொருள் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்த சில வரிகளோடு சரி. முதலில் வருவதே உத்தமம் என்று கூகுளில் பழகிய நான், இங்கேயும் முதலில் வந்த கோட்டையை மரியாதைக்குத் திறந்து பார்த்தேன்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வது நான்காவது. வாசகரின் சோம்பலுக்கென்று ஆறாவது ஒன்றை எழுதாமல் போய்விட்டார்.

“ஏம் காவாலி சார்?” என்றார் நூலகர் அம்மா. தெலுங்கும் தமிழும் கலந்து மச்சினன் கதை முழுவதையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ‘வட ஆற்காடு’ என்று அடித்தார். அவ்வளவுதான்! சித்தூர் மாவட்டம் பிறந்ததே 1911-ல். அதற்கு முந்தின சித்தூர், வட ஆற்காட்டுப் பெயரில் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. (மதனப்பள்ளிக்காரர் கடப்பையில் தேட வேண்டும். 2022-ல் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. வருங்கால மாமாக்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.) காக்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1881-ல் எழுதி, 1895-ல் ஸ்டூவர்ட் திருத்திய வட ஆற்காடு மேனுவல் கைக்கு வந்தது. அப்போது ஜில்லாவின் தலைநகரம் எங்கள் சித்தூர்! கலெக்டர் இங்கே, வேலூர் அவருக்குக் கீழே. அந்த யோகம் வேலூருக்கு அடித்தது 1911-க்குப் பிறகுதான்.

பக்கத்தைப் படம் எடுத்து அங்கிருந்தே மச்சினனுக்கு அனுப்பினேன். பஸ் சந்திரகிரி தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது:

“மாமா, கூகுள்ல தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்துல இந்த புக்கே வரலையே. வேற நல்ல ஆதாரம் இருந்தா அனுப்புங்க.”