துணை வார்டன்

துணை வார்டன் என்பவர் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி விடுதிகளில் காணப்படும் இரவுநேர அதிகாரி. பகலில் அவர் உதவிப் பேராசிரியர், தெர்மோடைனமிக்ஸ் நடத்துவார். வாடகையில்லாத அறைக்கும் மெஸ்ஸின் இலவசச் சாப்பாட்டுக்கும் ஆசைப்பட்டு இந்தப் பதவியை ஏற்றிருப்பார். கல்யாணம் ஆகாதவர் என்றால் நிர்வாகத்துக்குக் கூடுதல் மகிழ்ச்சி. அவருக்கு மேலே தலைமை வார்டன் என்று ஒரு மூத்த பேராசிரியர் உண்டு. அவர் விடுதியைக் கோப்புகளில் மட்டும் பார்ப்பவர்.

துணை வார்டன் காக்கும் மதுவிலக்கு விதி நாட்டுச் சட்டத்தைவிடக் கறாரானது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 17, 18 வயதில் கல்லூரிக்கு வருபவனுக்கு அந்த வயது கடைசி ஆண்டுவாக்கில்தான் வாய்க்கும். வாய்த்தும் பயனில்லை, விடுதி விதி பிறந்த தேதி பார்ப்பதில்லை. வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை ஆல்கஹாலை மோட்டார் வாகனச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். விடுதியில் எல்லை பூஜ்யம்; அளக்கும் கருவி துணை வார்டனின் மூக்கு. டாஸ்மாக் கடை கல்வி நிலையத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும் மற்ற ஊர்களில் 100 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. அறையிலிருந்து மெயின் கேட்டுக்கே அதைவிட அதிகம் நடக்கிறவனுக்கு அது ஒரு தூரமாகத் தெரிவதில்லை.

மூக்கை ஏமாற்ற ஹால்ஸ், கிராம்பு, கொய்யா இலை, பற்பசை என்று ஒரு மருத்துவமே பரம்பரையாக வழங்கி வருகிறது. ஆனால் ஆல்கஹால் இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. வாயைக் கழுவி அதை விரட்ட முடியாது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். பச்சைத் தண்ணீரில் குளிப்பதும் கடுங்காப்பி குடிப்பதும் அதை அவசரப்படுத்தா. இந்த விஞ்ஞானம் துணை வார்டனுக்குத் தேவைப்படுவதுமில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒருவன் கிராம்பு மணக்க நின்றால், “எந்தப் பக்கம்டா பல்வலி?” என்று கேட்பார். இரண்டு நிமிடம் மெஸ் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு மறுபடியும் கேட்பார். பல்வலி மறு கன்னத்துக்கு மாறியிருக்கும்.

அவருடைய பஞ்சாங்கம் தனி. காந்தி ஜெயந்திக்கும் திருவள்ளுவர் தினத்துக்கும் கடை மூடியிருக்கும் என்பது ஊருக்குத் தெரியும். முதல் நாளே சரக்கு உள்ளே வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அரியர் முடிவு வரும் இரவு அதைவிட ஆபத்தானது. தேறியவனுக்கும் தேறாதவனுக்கும் அன்று ஒரே தேவை.

ஆனாலும் அவர் பிடிப்பதற்காக ரோந்து வருகிறார் என்று நினைப்பது தவறு. ஒருவனைப் பிடித்தால் அறிக்கை எழுத வேண்டும், துறைத்தலைவருக்குச் சொல்ல வேண்டும், ஒழுங்குக் குழுவைக் கூட்ட வேண்டும். மறுநாள் முதல் பீரியட் வகுப்பு வேறு இருக்கிறது. ஆகவே இரண்டு அறைக்கு முன்பே சாவிக்கொத்தைக் குலுக்குவார். தேவையானால் இருமுவார். உள்ளே ஜன்னல் திறக்கும், மின்விசிறி ஐந்தில் ஓடும், நால்வர் ஒரே புத்தகத்தைச் சுற்றி உட்காருவார்கள். அது அந்த நால்வரில் யாருடைய துறைப் புத்தகமாகவும் இராது. “படிங்கப்பா” என்று நகர்ந்துவிடுவார். சாவிச் சத்தத்தை மீறியும் பாட்டுப் பாடுகிறவன்தான் அகப்படுவான்.

விசாரணையில் எப்போதும் நிரூபணமாவது ஒன்றுதான்: 750 மில்லி புட்டியை யாருமே குடிக்கவில்லை, மிக்சரை மட்டும் ஐந்து பேர் தின்றிருக்கிறார்கள். தண்டனைக்குப் படிகள் உண்டு. முதலில் மன்னிப்புக் கடிதமும் அபராதமும். கடிதம் சீனியர்களிடமிருந்து வழிவழியாக வருவது. பதிவு எண்ணை மாற்றியவன் போன வருடத்துத் தேதியை மாற்ற மறந்திருப்பான். அடுத்த படி, தகப்பனாரை அழைத்து வருவது. தூத்துக்குடியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவரும் தர்மபுரியிலிருந்து வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, “சார், நம்ம பையன் தங்கம், சேர்க்கைதான் சரியில்ல” என்பார்கள். அந்தச் சேர்க்கையின் தகப்பனார் பக்கத்தில்தான் இருக்கிறார். கடைசிப் படி விடுதியிலிருந்து நீக்கம். நீக்கப்பட்டவன் கல்லூரிக்கு எதிரிலேயே நாலு பேரோடு வீடு எடுத்துத் தங்குவான். அங்கே வார்டன் கிடையாது. இந்தத் தண்டனையை வகுத்தவர் யாரைத் தண்டிக்க நினைத்தார் என்பது விளங்கவில்லை.

அவர் உண்மையிலேயே பயப்படுவது இரண்டுக்கு: மொட்டை மாடிக்கும், மல்லாந்து கிடந்து வாந்தியெடுப்பவனுக்கும். அமெரிக்காவில் பல மாநிலங்கள், மயங்கிய நண்பனுக்காக உதவி கேட்டு அழைப்பவனைக் குடித்த குற்றத்துக்குத் தண்டிப்பதில்லை என்று சட்டமே செய்திருக்கின்றன. இங்கே அழைத்தவனும் சேர்த்து மாட்டுவான். அதனால் நண்பர்கள் கதவைத் தாழிட்டு, நினைவில்லாதவன் வாயில் மோர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். பழகிய துணை வார்டன் அப்போது சாவியைக் குலுக்குவதில்லை. கதவைத் தள்ளி, மோரைப் பிடுங்கி, வாந்தி மூச்சுக்குழாயில் இறங்காதபடி பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-க்கு அழைப்பார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் உள்ளதைச் சொல்வார். விடுதிப் பதிவேட்டில் மட்டும் ‘வயிற்றுக் கோளாறு’ என்று எழுதுவார். மறுநாள் காலை மெஸ் காண்டிராக்டர் சண்டைக்கு வருவார்.

கல்யாணம் நிச்சயமானதும் அவர் பதவியை விடுகிறார். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் கையெழுத்திட்டுப் பெறும் பட்டியலில் சாவிக்கொத்து, டார்ச், பதிவேடு ஆகியவற்றுக்குக் கீழே ‘பறிமுதல் செய்த புட்டிகள் 7, காலி’ என்று இருக்கும். பறிமுதல் செய்தபோதே காலியாக இருந்தனவா என்று குறிக்க அந்தப் படிவத்தில் இடம் விடப்படவில்லை.