ஆறு அங்குலத்தில் அடங்காத கால்குலஸ்

கண்ணுக்கு உறுத்தாது, பை கனக்காது என்று ஆசை காட்டி, ஆறு அங்குல ஈ-ரீடர் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். நாவல் படிக்கும்வரை நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. ஒரு நாள் கால்குலஸ் பிடிஎஃப்பைத் திறந்தேன். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம், இந்தத் திரைக்கோ மூன்றரைச் சொச்சம். பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்தது.

பெரிதாக்கினேன். தொகையீட்டுக் குறி மட்டும் படமெடுத்த பாம்பாக நின்றது. எல்லைகள் திரைக்கு வெளியே தலைமறைவு. நகர்த்தினால் மின்மைத் திரை ஒருமுறை கறுத்து, வெளுத்து, யோசித்துத்தான் காட்டும். அதற்குள் எதைத் தொகையிட வந்தேன் என்பது மறந்துபோகும்.

“ரீஃப்ளோ போடுண்ணே” என்றான் தம்பி. வரிகளைத் திரைக்கேற்ப மடக்கித் தருமாம். தந்தது. எக்ஸ் ஸ்கொயரின் 2 மாடியிலிருந்து இறங்கி எக்ஸுக்குப் பக்கத்திலேயே குடியேறியது. பின்னத்தின் தொகுதியும் பகுதியும் சமபந்தியில் உட்கார்ந்தன. கணக்கை விட்டு உயிரியல் பாடத்தைத் திறந்தால், படத்தில் தமனி எது, சிரை எது? இரண்டுமே சாம்பல்.

13.3 அங்குலத் திரை வாங்கினால் ஏறக்குறைய முழுப் பக்கமும் தெரியும் என்கிறார்கள். விலையைப் பார்த்தேன், அதைப் படிக்க மட்டும் பெரிதாக்கத் தேவையே இருக்கவில்லை.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டாயிற்று. மின்விசிறிக் காற்றில் பக்கம் புரளாமல் இருக்க, மேலே அந்த ஈ-ரீடரைத்தான் வைத்திருக்கிறேன்.