லீவர் இல்லாத பூட்டு

2025 டிசம்பர் 14, கார்த்திகையின் கடைசி ஞாயிறு. மாலை போட்டவர்கள் போக மிச்சமிருந்த பத்துப் பேர் பேகம்பூர்க் கறிக்கடையில் வரிசையாக நின்றோம். எனக்கு ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் போன். போனில் ஜான் சீனாவின் கடைசி மல்யுத்தச் சண்டை ஓடுகிறது. வாஷிங்டனில் சனி இரவு, நமக்கு ஞாயிறு காலை.

"முக்கால் கிலோ, தொடைக்கறியா போடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனுக்குள் தலையை விட்டேன். குந்தர் என்கிற ஆஸ்திரியாக்காரர் சீனாவின் கழுத்தைப் பின்னாலிருந்து பூட்டுப் போட்டிருந்தார். 'விட்டுக்கொடுக்காதே' என்று பனியனில் அச்சடித்தே காலம் தள்ளிய மனிதர், லேசாகச் சிரித்தார். பிறகு கையைத் தட்டி விட்டுக்கொடுத்துவிட்டார்.

"தட்டிட்டான் மாமா!"

"யாரு மாப்ள?"

"ஜான் சீனா."

"பேசி வச்சு அடிக்கிற சண்டையில யாரு தட்டுனா என்ன? தள்ளி நில்லு, எலும்பு தெறிக்கும்."

பேசி வைத்த சண்டை என்று எனக்குத் தெரியாதா? 1989-லேயே நியூஜெர்சி மாநில செனட்டில் டபிள்யூ டபிள்யூ எஃப் கம்பெனியே ஒப்புக்கொண்ட விஷயம் அது. நாகல்நகருக்கு அந்தச் சேதி வந்துசேர இன்னும் பத்து வருடம் பிடித்தது, அவ்வளவுதான். அதுவரை, அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டிருந்தோம். டபிள்யூ டபிள்யூ எஃப் கார்டில் யோகோசுனா வந்தவன், எடையைக் கேட்டே மற்றவர் கட்டைக் காலி செய்வான்.

2002-ல் அந்தப் பெயரும் போய் டபிள்யூ டபிள்யூ இ ஆனது. மூன்றெழுத்து யாருக்குச் சொந்தம் என்று வனவிலங்கு நிதியத்தார் லண்டனில் போட்ட வழக்கில் கம்பெனி தோற்றுவிட்டது. முன்கூட்டிப் பேசி வைக்காமல் அவர்கள் இறங்கிய சண்டை அது. ஜெயித்தவர் சின்னம் பாண்டாக் கரடி.

ஆகவே, பொய் சொல்கிறார்கள் என்பது என் புகார் அல்ல. பொய்யை ஒழுங்காகச் சொல்வதில்லை என்பதுதான்.

எங்கள் ஊரான திண்டுக்கல்லின் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. என் சித்தப்பா பூட்டுப் பட்டறைக்காரர். செய்து முடித்த பூட்டைக் காதருகே வைத்துத்தான் சாவியைத் திருப்புவார். உள்ளே லீவர் ஒவ்வொன்றாக எழும்பி ஒரு வரிசைக்கு வந்தால்தான் தாழ் நகரும். "ரெண்டு லீவர் கொறஞ்சாலும் பூட்டு தொறக்கும்டா. ஆனா எவன் சாவிக்கும் தொறக்கும்" என்பார்.

அந்தப் பூட்டைப் போலச் சீனா கதையையும் காதருகே வைத்துப் பாருங்கள். 2025 மார்ச் 1, டொராண்டோ. நல்லவருக்கு நல்லவரான சீனா, கோடி ரோட்ஸைக் கட்டிப்பிடித்தபடி தி ராக்கை ஒரு பார்வை பார்த்தார். ராக் சைகை காட்டினார். அடுத்த நொடி கோடிக்குப் படக்கூடாத இடத்தில் ஒரு அடி. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அது லீவர்!

ஏப்ரல் 20, ரெஸில்மேனியா. ஆளைக் கெடுத்த ராக் அந்தப் பக்கமே வரவில்லை. டிராவிஸ் ஸ்காட் என்ற ராப் பாடகர் வந்து குறுக்கே விழுந்தார். தாய்மாமன் வரவேண்டிய காதுகுத்துக்கு மைக்செட்காரர் வந்து மடியைக் காட்டியது போலிருந்தது. சீனா கோடியைப் பெல்ட்டால் அடித்து 17-வது முறை சாம்பியன் ஆனார். ஆகஸ்ட் சம்மர்ஸ்லாமுக்குள், ஏன் கெட்டார் என்று சொல்லாமலே திருந்தியும்விட்டார். ஒரு லீவரும் எழும்பவில்லை.

இதே கம்பெனிதான் ரோமன் ரெய்ன்ஸ் கதையையும் சொன்னது. 1,316 நாள் பட்டம் அவரிடம். குடும்பத்துக்கு யார் பெரியவர் என்று மூன்றரை வருடம் அவர்கள் போட்ட பங்காளிச் சண்டை, வேடசந்தூர்ப் பக்கம் வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு உரை தேவைப்படாதது. 2024 ஏப்ரலில் கோடி அவரை வீழ்த்தியபோது, தாழ் நகர்ந்த சத்தம் எனக்குத் திண்டுக்கல்லில் கேட்டது.

போனில், வாஷிங்டன் கூட்டம் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. சீனா ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார். குறை சொன்ன வாய் குறை சொன்னபடி இருக்க, கண் மட்டும் கலங்கிவிட்டது.

"என்ன மாப்ள, எலும்புத் தூள் கண்ணுல விழுந்துருச்சா? அதுக்குத்தான் தள்ளி நிக்கச் சொன்னேன்" என்று தூக்குவாளியை மூடிக் கொடுத்தார் மாமா.

வீட்டில் மனைவி திறந்து பார்த்தார். முக்கால் கிலோவில் பாதி கழுத்தெலும்பு. அன்றைக்கு ஒரு லீவர்கூடக் குறையாமல் நடந்த ஆட்டம் அது ஒன்றுதான்.