டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஸ்காட்ச் தெரிவும் விரலளவையும்: ஒரு பன்முக நோக்கு

முன்னுரை

உலகில் ஆராயத் தகாத பொருள் எதுவும் இல்லை என்பதை நம் பல்கலைக்கழக நூலகங்களின் மேல்தட்டுகள் நிறுவிவிட்டன. ஆயினும், எப்போதாவது குடிக்கும் ஒருவர், கடை அலமாரியின் முன்னே நின்று எந்த ஸ்காட்சை எடுப்பது என்று தவிக்கும் தவிப்பு இதுவரை எந்த ஆய்வேட்டுக்கும் பொருளாகவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நீக்கியபின் யாருக்கு என்ன பயன் என்று கேட்பது ஆய்வு நெறியன்று.

ஆய்வெல்லை, ஜார்ஜ்டவுனின் டத்தோ கிராமாட் சாலை. கிழக்கே மெகசின் சந்திப்பு. மேற்கே ஆயர் ஈத்தாம் சாலை. இடையில் ஒருகாலத்தில் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் ஈய உருக்காலை புகைந்துகொண்டிருந்தது; அந்த மண்ணில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கிறது. ஸ்காட்லாந்தில் விஸ்கி வடிக்கும் வாலை செம்பு; இங்கே உருக்கியது ஈயம். இரண்டும் உலோகம். ஆகவே தொடர்பு உறுதியாகிறது.

தரவுகள், போத்தலை வெளியிலிருந்து கொண்டுவந்து ஐஸ், சோடா, கச்சான் மூன்றை மட்டும் கடையில் வாங்கும் மரபுடைய ஒரு கோப்பிக்கடையின் மூன்றாம் மேசையில் திரட்டப்பட்டன. தகவலாளிகள் அனைவரும் 21 வயது நிரம்பியோர். 2017 டிசம்பர் முதல் சட்டம் அப்படி. அவர்களுள் சிலர் 21ஐ மூன்று முறை நிரப்பியவர்கள்.

முன்னோர் கருத்துகள்

ஸ்காட்லாந்தில் இப்பொருள் பற்றிய பழைய சான்று, 1494ஆம் ஆண்டு அரசுக் கணக்கேட்டில் உள்ளது. ஜான் கோர் என்ற துறவிக்கு உயிர்நீர் வடிக்க எட்டு ‘போல்’ அளவு மால்ட் கொடுத்ததாகப் பதிவு. வடித்தவர் துறவி என்பதால் விஸ்கியைத் துறவறவியலில் சேர்க்கலாமா என்ற வினா எழும். வள்ளுவர் இதை முன்கூட்டியே தீர்த்திருக்கிறார். கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்காமல், 93ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் வைத்தார். 2016 மார்ச்சில் மலேசியா விதித்த கலால் வரி, தூய ஆல்கஹால் லிட்டருக்கு 150 வெள்ளி. 40 சதவீதமுள்ள 700 மில்லி போத்தலுக்கு அது 42 வெள்ளி. கட்டியவனுக்கு அது ஏன் பொருட்பால் என்பது உரையாசிரியர் துணையின்றியே விளங்கும்.

இறக்குமதிச் சரக்குக்கும் நம்மிடம் இலக்கியச் சான்று உண்டு. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூற்று 56ஆம் பாடல் பேசுகிறது. அந்த யவனர் ஸ்காட்லாந்து வழியாக வந்தார்களா என்பது மேலாய்வுக்குரியது. மேலாய்வு செய்யாமலேயே ‘ஆம்’ என்று அறிவிக்க ஒரு மாநாடும் ஒரு பொன்னாடையும் போதும்.

கள் பற்றி 1946-47இல் கெடாவில் ஏ. எம். சாமியின் கள்ளெதிர்ப்புத் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசல்களில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டனர். சம்சு என்ற மலிவுச் சாராயம் பற்றிப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் எழுதியது. இரண்டிலும் நகைக்க ஏதுமில்லை. ஆகவே இவ்வாய்வில் இல்லை.

விஸ்கி என்றால் எது என்ற வினாவில் வெள்ளையரும் சளைத்தவர்கள் அல்லர். 1905இல் லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி, விற்பது விஸ்கியே அல்ல என்று மதுக்கடைக்காரர்கள்மேல் வழக்குப் போட்டது. சண்டை முற்றி, 1908இல் அரச ஆணையம் அமைந்து, சாட்சி மேல் சாட்சி கேட்டு, 1909இல் அறிக்கை தந்தது: தனி மால்ட்டும் விஸ்கி, மற்றத் தானியச் சாராயம் கலந்ததும் விஸ்கி. குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது முன்பே தெரியும் (மேசை 3, வாய்மொழி).

தெரிவு நெறிகள்

கடையில் போத்தல் தேர்வோர் அறுவகைப்படுவர் என்ப.

நிறநெறியார்: கருஞ்சிவப்பாக இருந்தால் நல்லது என்போர். ஸ்காட்ச் சட்டம் கேரமல் நிறமூட்டியை அனுமதிக்கிறது. முற்றும்.

பெட்டிநெறியார்: அட்டைப்பெட்டியின் கனத்தைக் கையால் நிறுத்துப் பார்ப்போர். பெட்டி பின்னர் தையல் சாமான் வைக்க உதவும்.

மைத்துனர் நெறியார்: மைத்துனர் லங்காவி போய்வந்தால் எது வருகிறதோ அதைத் தம் விருப்பம் என்று கொள்வோர். 1786 முதல் வரியில்லாத் துறைமுகமாக இருந்த பினாங்கு 1969இல் அந்தத் தகுதியை இழந்தது. 1987இல் லங்காவி அதைப் பெற்றது. அன்று முதல் நம் வட்டாரத்தில் மைத்துனரின் மதிப்பு உயர்ந்திருப்பது கண்கூடு.

கறிநெறியார்: ஆட்டுக்கறிப் பிரட்டல் இருந்தால் எதுவும் சரி என்போர். இவர்களோடு வாதிட இயலாது.

வயதுநெறியார்: போத்தலில் எண் பார்ப்போர். அந்த எண், உள்ளே கலந்தவற்றுள் மிக இளையதன் வயது. மூன்றாண்டு ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே கிடந்தால்தான் ஸ்காட்ச் என்ற பெயரே கிட்டும். போத்தலில் அடைத்த அன்று வயது நின்றுவிடும். கண்ணாடி அலமாரியில் கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் வளராது. இவ்வுண்மை கள ஆய்வில் பின்வருமாறு எதிர்கொள்ளப்பட்டது:

“மாமா, இதுக்கு இப்போ எத்தன வயசு?”

“வாங்குறப்போ பன்னெண்டு. இருவத்தாறு வருசமா தொடாம வெச்சிருக்கேன். நீயே கூட்டிக்க மாப்ள.”

கூட்டல் சரி. வேதியியல் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

சிங்கிள்மால்ட் நெறியார்: கலவை விஸ்கியை ஏறெடுத்தும் பாராதோர். இவர்களுக்கு வரலாறு கொஞ்சம் புளிக்கும். 1820இல் கில்மார்னக்கில் ஜான் வாக்கர் திறந்தது மளிகைக் கடை. 1827இல் எடின்பரோவில் ஜார்ஜ் பாலன்டைன் திறந்ததும் மளிகைக் கடை. அபர்டீனின் ஷிவாஸ் சகோதரர்களும் மளிகைக்காரர்களே. வாடிக்கையாளருக்குப் போன மாதச் சுவையே இந்த மாதமும் வேண்டும் என்பதால், கடைக்காரர் மசாலாத்தூள் அரைப்பதுபோலக் கலந்து நிலைப்படுத்தினார்கள். உலகம் குடிக்கும் ஸ்காட்ச் பெரும்பாலும் அந்த மளிகைக்காரர்களின் கைப்பக்குவம். அதைக் குடித்துவிட்டு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜானி வாக்கர் போத்தலின் சீட்டு 24 பாகை சாய்ந்திருப்பது மட்டும் ஆய்வாளர் கவனத்துக்குரியது: மூன்றாம் பெக்கில் பார்ப்பவருக்கு அது நேராகத் தெரிகிறது (மேசை 3, ஓரத்து நாற்காலி, முதல் சுற்று).

விரலளவை

இனி, இவ்வாய்வின் உயிர்நாடிக்கு வருகிறோம். இங்கிலாந்து மதுக்கடையில் 25 அல்லது 35 மில்லி. இந்தியாவில் சின்ன பெக் 30, பெரிய பெக் 60. டத்தோ கிராமாட்டிலோ ‘ரெண்டு விரல்’. இவ்வளவையில் மூன்று மாறிகள் உள்ளன: யாருடைய விரல், எந்தக் கிளாஸ், எந்தத் திசை. இம்மூன்றையும் ஒருசேர ஆராய்ந்தோர் நமக்கு முன் இலர்.

முதலில் விரல். கணக்கப்பிள்ளையின் விரல் 1.8 சென்டிமீட்டர் அகலம் என்க. இரண்டு விரல் 3.6. உட்புறம் 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள அகலக் கிளாசில் இது 139 மில்லி. ஒரு போத்தல் ஐந்து பேருக்குக் காணும். அதே விரல், 5.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒடுங்கிய கிளாசில் 86 மில்லி; போத்தல் எட்டுப் பேருக்குக் காணும். ஆக, விருந்தாளி மூன்று பேர் கூடினால் ஓடிப்போய் இன்னொரு போத்தல் வாங்கவேண்டியதில்லை. கிளாசை மாற்றினால் போதும். இவ்வுண்மையைப் பெண் வீட்டார் என்றோ கண்டறிந்துவிட்டனர் (மேசை 3, ஓரத்து நாற்காலி, இரண்டாம் சுற்று, கச்சான் தட்டு காலியாகுமுன், ஒப்புநோக்குக: அதே நாற்காலி, தட்டு காலியான பின்).

அடுத்து, லாரி ஓட்டுநரின் விரல். 2.2 சென்டிமீட்டர். இரண்டு விரல் 4.4. அகலக் கிளாசில் 169 மில்லி. இந்த எண்ணைக் கண்டதும் ஆய்வாளரின் கை நடுங்கியது. ஏனெனில் பழந்தமிழ் அளவையில் ஓர் ஆழாக்கு 168 மில்லி! இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு; இரண்டு உழக்கு ஓர் உரி, அதாவது 672 மில்லி. ஸ்காட்ச் போத்தல் 700. மிச்சம் 28 மில்லி; போத்தலில் சரியாக 4 சதவீதம். இந்த 4 சதவீதம் எங்கே போயிற்று? ஸ்காட்லாந்துப் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. அதைத் தேவதைகளின் பங்கு என்பர். இரண்டாண்டுக்கு 4. ஆகவே, ஸ்காட்ச் போத்தல் என்பது தமிழரின் உரியோடு தேவதைகளின் ஈராண்டுப் பங்கையும் சேர்த்து வார்க்கப்பட்ட கலமே என்பது வெள்ளிடைமலை. மூன்றாண்டு கட்டாயம் என்றிருக்க ஈராண்டுப் பங்கு ஏன் என வினவுவோர், தமிழ்ப்பற்றில்லாதோர் ஆவர். இதைவிட மெலிந்த சான்றுகளின்மேல் குமரிக்கண்டத்தில் நகரங்களே எழுப்பப்பட்டுள்ளன.

இனித் திசை. விரலைக் கிளாசின் அடியில் கிடையாக வைத்து அளப்பது கிடைவிரற் கொள்கை. விரலை நிமிர்த்தி, நகம் வரை ஊற்று என்பது நிமிர்விரற் கொள்கை. ஆட்காட்டி விரலின் நீளம் 7 சென்டிமீட்டர் என்று கொண்டாலும் ஒரே விரல் 269 மில்லி ஆகிறது. இக்கொள்கையை நிறுவியவர், முதலில் அதைக் கடுமையாக மறுத்தவர் (மேற்படியார், மூன்றாம் சுற்று, திருத்திய பதிப்பு). நிமிர்விரற் கொள்கையருள் இப்போது நிமிர்ந்திருப்பவர் எவரும் இலர்.

விரல் யாருடையது என்பதில் ஒரு நடுநிலை மரபும் உண்டு: போத்தலுக்குக் காசு கொடுத்தவர் ஊற்றக்கூடாது, காசு கொடுக்காதவரும் ஊற்றக்கூடாது. எனவே போத்தல் சிறிது நேரம் யாராலும் தொடப்படாமல் மேசை நடுவில் நிற்கும். இம்மௌன காலத்தை இலக்கணிகள் ஒற்று மிகா இடம் என்பர் (மேசை 3, ஓரத்து நாற்காலி, நான்காம் சுற்று, நாற்காலியில் ஆள் இல்லாதபோது, குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது, பதிப்பாசிரியர் குனிந்து கேட்டுச் செப்பம் செய்தார்).

நீர்வாதம்

தண்ணீர் சேர்ப்பது பாவம் என்போர் ஒரு சாரார். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மேன் என்ற இருவர், கணினியில் மூலக்கூறுகளை ஓட்டிப் பார்த்தனர். விஸ்கிக்குப் புகைவாசம் தரும் குவாயகால், ஆல்கஹால் 45 சதவீதமோ அதற்குக் குறைவோ இருக்கையில் மேற்பரப்புக்கு வருகிறது. 59க்கு மேல் போனால் ஆல்கஹால் சூழ்ந்துகொண்டு உள்ளே அமுக்கிவிடுகிறது என்று கண்டனர். சாரம்: கொஞ்சம் தண்ணீர் மணத்தை எழுப்பும். இம்முடிவைத் தொடர்பில்லாமல் நம் மேசையும் எட்டியிருந்தது: “அண்ணே, தண்ணி ஊத்தவா?” “ஊத்துடா தம்பி, வீட்டுக்குப் போவணும்ல.” முறையியல் வேறு, முடிவு ஒன்று.

பினாங்கு வெக்கையில் ஐஸ் தானே தண்ணீராகிவிடும் என்பதால், ஐஸ்வாதமும் நீர்வாதமும் பத்து நிமிட இடைவெளியுள்ள ஒரே வாதம். அந்தக் காலத்து வெள்ளைத் துரைகள் மலாயா கிளப்புகளில் விஸ்கியும் சோடாவும் பாதிக்குப் பாதி கலந்து ‘ஸ்தெங்கா’ என்று குடித்தார்கள். அவர்கள் பேரன்மார் இன்று நம்மிடம் சோடா சேர்க்காதே என்கிறார்கள்.

மூக்கியல்

சுவைக்குறிப்பு எழுதும் பண்டிதர்கள் கிளாசுக்குள் மூக்கைவிட்டு ஹெதர்ப் பூ, கிறிஸ்துமஸ் கேக், ஈரமான கம்பளி என்று காண்பார்கள். டத்தோ கிராமாட்டில் ஹெதர் பூப்பதில்லை. கம்பளி ஈரமாவதற்கு முதலில் கம்பளி வேண்டும். நம் தகவலாளிகள் ஐலா தீவின் புகைமணச் சரக்கை முகர்ந்து, நாட்டுமருந்துக் கடை, சாம்பிராணி, ஆஸ்பத்திரி வராந்தா என்றனர். மூன்றும் சரி. பார்லியை முற்றா நிலக்கரித் (பீட்) துண்டுகளின் புகையில் உலர்த்துவதால் ஏறும் ஃபீனால் சேர்மங்களின் வாசம் அது. அவர்கள் மூக்கு தங்கள் தெருவில் கற்றதைத்தான் சொன்னது. பண்டிதர் மூக்கும் அதையே செய்கிறது. வேறுபாடு, அவர் தெரு வேறு என்பதே.

பண்டிதர் அடிக்கடி காண்பது சாதிக்காய். இதில்தான் அவர் நம்மிடம் வசமாகச் சிக்குகிறார். டத்தோ கிராமாட் சாலையோரப் பாடாங் பிரவுன் திடலுக்குப் பெயர் தந்தது, டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் குடும்பம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கு குளுகோரில் சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டவர் அவர். நினைவுச்சின்னம் திடலிலேயே நிற்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் இங்கே வந்து சாதிக்காய் நட்டார்; ஸ்காட்லாந்துச் சரக்கில் சாதிக்காய் மணக்கிறது என்று வெளிநாட்டுப் பண்டிதர் இப்போது வியக்கிறார். அந்த மணம் மட்டும்தான் வேண்டுமென்றால் பினாங்குக் கடைகளில் சாதிக்காய்ச் சாறு கிடைக்கும். மதுவுக்கான கலால் வரி கிடையாது.

முடிவும் பரிந்துரைகளும்

ஒன்று: போத்தலைத் தேர்வது சட்டைப்பை, கிளாசைத் தேர்வது விருந்தாளிகளின் எண்ணிக்கை, சுவையைத் தேர்வது குடிப்பவர் நாக்கு. மூன்றாவதில் மட்டும் பிறர் தலையிட அதிகாரம் இல்லை.

இரண்டு: அளவை மெலிந்த விரல்காரரிடம் ஒப்படைக்க. மறுநாள் வேலைக்குப் போகிறவராக இருந்தால் இன்னும் நன்று.

மூன்று: 2020 அக்டோபர் முதல் மலேசியாவில் வண்டியோட்டுபவர் இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹாலே உச்சவரம்பு. அதை மீறுவோர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. பினாங்குச் சிறைச்சாலையும் நம் ஆய்வெல்லையை ஒட்டியே உள்ளது.

நான்கு: இக்கட்டுரையை மேற்கோள் காட்ட விரும்பும் அறிஞர்கள் இதை முழுதும் படிக்க வேண்டியதில்லை. துறையின் மரபு அதுதான். தலைப்பும் இந்தப் பத்தியும் போதும்.