முதல் கூழ்த் திருவிழா: பயன்பெறும் வழிமுறைகள்

ஆடிக்கூழ் என்பது கேழ்வரகு மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க வைத்து, நொய்க் கஞ்சியில் கொட்டிக் கிளறி, ஆறியபின் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்து, அம்மன் கோயில் வாசலில் ஊற்றப்படும் பானம். சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஆடி வெள்ளியும் ஞாயிறும் தெருவுக்குத் தெரு எல்லோருக்கும் கிடைக்கும். கிடைக்கும் என்பது கொள்கை. வரிசையில் எத்தனையாவது ஆள், முன்னால் நிற்பவர் கையில் இருப்பது என்ன என்ற இரண்டையும் பொறுத்தது நடைமுறை. கூழை எப்படிக் குடித்தால் முழுப்பலன் என்பது கடைசிப் பகுதியில் விளக்கப்படும்.

பீர்த் திருவிழாவுக்குப் போக ஆசைப்பட்டு, ஊரில் அது இல்லாததால் கூழ்த் திருவிழாவுக்குப் போகிறவர் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. இரண்டுமே புளித்த தானியம்தான். சிக்கிம், டார்ஜிலிங் பக்கத்தில் இதே கேழ்வரகை வேகவைத்து, ஈஸ்ட் கலந்த கட்டியைப் பொடித்துத் தூவி, நாள்கணக்கில் மூடிவைத்து, மூங்கில் குவளையில் போட்டு, சுடுநீர் ஊற்றிக் குழாய் வைத்து உறிஞ்சுகிறார்கள். பெயர் தொங்பா, போதை உண்டு. அம்பத்தூரில் ஓர் இரவோடு நிறுத்திக்கொள்வதால் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் புளிப்பை மட்டும் தந்துவிட்டு விலகிக்கொள்கின்றன. இதே தொண்டை மண்டலம் முன்பெல்லாம் இப்படி ஓர் இரவோடு திருப்தி அடைந்ததில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்புக்குப் போகும் பாணனுக்குக் கிடைப்பது அசல் பீர்: அரிசிக் கூழை ஆறவைத்து, முளைவிட்ட நெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்து வடித்தது. தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். அந்த மீன் கருவாட்டுக் குழம்பாகி இன்றும் கூழுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாடியைத்தான் அரசு எடுத்துக்கொண்டது.

அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் தன் கையிலேயே வைத்திருக்கிறது. 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களில் சிறப்பு அனுமதி வாங்கி மது பரிமாறலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் மண்டபங்களை நீக்கிவிட்டார்கள். ஆகவே திறந்தவெளியில் பந்தல் போட்டு, பாட்டு வைத்து, பெரிய பாத்திரத்திலிருந்து ஊரே சேர்ந்து புளித்த தானியத்தை வாங்கிக் குடிக்கச் சட்டத்தில் இடமிருப்பது ஆடி மாதத்தில் மட்டும்தான்.

ஆடி ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலிலும் மாங்காட்டிலும் மாதம் முழுக்கக் கூட்டம். ஆனால் முதன்முறை செல்பவர் பெரிய கோயிலை நாட வேண்டியதில்லை. கொரட்டூர், கள்ளிக்குப்பம், அயப்பாக்கம், பட்டாபிராம் என்று எங்கே இறங்கினாலும் நாகாத்தம்மனோ கங்கையம்மனோ எல்லையம்மனோ ஒரு முனையில் இருப்பாள். அவளுக்கு ஒரு வாரமும் ஒதுக்கப்பட்டிருக்கும். எல்லாத் தெருவுக்கும் ஒரே வாரம் வராததற்குக் காரணம், பம்பைக்காரரும் அண்டா வாடகைக் கடையும் பல தெருக்களுக்குப் பொது என்பதே. கூழ் வார்ப்பதற்கான காரணத்தைக் கேட்டால் கதை கிடைக்கும்: கணவர் ஜமதக்னியின் சிதையில் விழுந்த ரேணுகா, மழை பெய்து நெருப்பு அணைந்ததால் தீக்கொப்புளங்களோடு எழுந்து வந்து ஊராரிடம் உணவு கேட்டாள், ஊரார் கொடுத்ததிலிருந்து கூழ் வந்தது என்று. பசித்து வந்தவளுக்கு ஊற்றியதன் நினைவாக நடக்கும் விழா இது என்பதை வரிசையில் நிற்கும்போது மனத்தில் வைத்துக்கொண்டால் கோபம் கொஞ்சம் கூடும்.

நேரம் பற்றி நோட்டீசில் போட்டிருக்கும். நண்பகல் 12 மணி அளவில் என்றால், ஒன்றரைக்குக் கரகம் ஊர்வலம் முடிந்து வரும்; இரண்டுக்குத் தீபாராதனை; அதன்பின் நோட்டீசில் பெயர் போட்ட பெரியவர்கள் ஒவ்வொருவராக முதல் சொம்பை மொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். முதல் சொம்பு எத்தனை முறை மொள்ளப்படும் என்பதற்கு வரம்பில்லை. இந்த இரண்டு மணி நேரமும் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் கூம்பு ஒலிபெருக்கியில் கேட்கும். வரிசை உருவாவதும் இந்த இடைவெளியில்தான். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பாத்திரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பாத்திர வகைகளில் முதலாவது சொம்பு. இது அருகிவரும் இனம். சொம்போடு வருபவர் வயதானவர், அல்லது ஊருக்குப் புதியவர். ஒரு சொம்பு வாங்கி, ஓரமாக நின்று குடித்து, குழாயடியில் கழுவிக்கொண்டு போய்விடுவார். விழா உண்மையில் இவருக்காகத்தான் நடக்கிறது. இவருக்குக் கிடைத்துவிட்டால் அது அம்மன் செயல். இரண்டாவது தூக்கு. மூடி இருப்பதால் அடக்கமாகத் தெரியும். ஆனால் தூக்குக்குள் தூக்கு இருக்கக்கூடும். வரிசையில் நிற்கும்வரை ஒன்றாகத் தெரிவது, அண்டாவுக்கு முன்னால் வந்ததும் பெரியது, நடு, சின்னது என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். மூன்றாவது குக்கர். கூழுக்குக் குக்கர் எதற்கு என்ற கேள்விக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை. கொண்டு வருபவர்கள் மூடியைப் பூட்டி, வெயிட்டையும் போட்டே எடுத்துச் செல்கிறார்கள். வழியில் விசில் அடிக்கும் என்று எதிர்பார்க்கிறார்களா தெரியாது.

நான்காவது பக்கெட். இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பக்கெட் குளியலறையிலிருந்து வருகிறது. மக் உள்ளேயே இருக்கும். அந்த மக்கை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டால், அது தனிப் பாத்திரம் என்ற தகுதியைப் பெற்று, தனக்கென ஒரு பங்கு கேட்கிறது. பக்கெட்டுக்கு அடுத்த படி பெயிண்ட் டப்பா. இருபது லிட்டர். வீட்டுக்கு வெள்ளை அடித்த ஆண்டிலிருந்து படிக்கட்டுக்கு அடியில் எதற்காகவோ காத்திருந்த அது, எதற்காக என்று ஆடி ஞாயிறன்று தெரிந்துகொள்கிறது. அண்மையில் அம்பத்தூரை ஒட்டிய ஒரு தெருவில் இத்தகைய டப்பா ஒன்று வரிசையில் பத்தாவது இடத்தில் காணப்பட்டது. அதன் பக்கவாட்டில் இளநீல நிறம் வழிந்து காய்ந்திருந்தது. அதை ஏந்தியவர் இரும்புக் கைப்பிடி உள்ளங்கையில் பதியாமல் இருக்கத் துண்டைச் சுற்றி வைத்திருந்தார். துண்டைச் சுற்றிக்கொண்டு வருகிறவர் நிரப்பாமல் போகமாட்டார் என்பது அப்போதே விளங்கியிருக்க வேண்டும். டப்பாவுக்குப் பின்னால் ஏறத்தாழ முப்பது பேர் நின்றார்கள். அண்டா ஒன்றுக்கு இத்தனை சொம்பு என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் பின்வரிசையில்தான் நிற்பார்கள்; முன்னால் நிற்பவர்களுக்குக் கணக்கு தேவைப்படுவதில்லை.

பாத்திரத்தின் அளவை நியாயப்படுத்த நோயாளி தேவை. ஆடி ஞாயிறு நண்பகலில் மேற்குப் புறநகரில் நடக்க முடியாமல் படுத்திருப்பவர்களின் எண்ணிக்கை, எந்தக் கொள்ளைநோய்க் காலத்திலும் இருந்திராத அளவுக்கு உயர்கிறது. “மாமியாருக்கு முட்டி வலி, எழுந்திரிக்க முடியல.” “வீட்ல எட்டு பேரு, அண்ணே.” “எதிர்வீட்டு ஆயாவுக்கும் சேத்து ஊத்துப்பா.” எதிர்வீட்டு ஆயா அதே வரிசையில் நான்கு பேருக்குப் பின்னால் தன் சொந்தத் தூக்கோடு நிற்பதைச் சுட்டிக்காட்டுவது மரபல்ல. ஊற்றும் இளைஞர் மன்றத்துப் பையனும் கேட்பதில்லை. அவன் கவனமெல்லாம், “அடியில கெட்டியா இருக்கறத பாத்து ஊத்து” என்ற கட்டளைக்கு எப்படிக் கீழ்ப்படிவது என்பதில் இருக்கும். எல்லோருக்கும் அடியில் இருப்பதே வேண்டும். மேலே இருப்பது யாருக்கு என்ற கேள்வி கடைசி ஆள்வரை தள்ளிப்போடப்படுகிறது.

ஆள் இல்லாத பாத்திரம் தனி வகை. காலை பத்து மணிக்கே வந்து வரிசையில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் ஒரு செங்கல், அல்லது பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு. குண்டானுக்கு மனிதருக்குள்ள உரிமை எல்லாம் உண்டு. அதைத் தாண்டி நிற்பவரைத் தெருவே கண்டிக்கும். உரியவர் இரண்டு மணிக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து, குண்டானுக்குப் பின்னால் நிற்பார். உடன் அக்காவும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் வருவார்கள். ஒரு குண்டான் நான்கு பேராகப் பெருகும் இந்த முறைக்கு எதிராகச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, நின்று பார்ப்பதைத் தவிர. இதற்கும் மேலே இரண்டாவது வரிசை. அது பந்தலின் பின்பக்கம், சைடு துணியைத் தூக்கிக்கொண்டு நடக்கும். அந்த வரிசையில் நிற்பவர்கள் நிற்பதே இல்லை. “தம்பி, ரமேஷ் சொன்னாரு” என்று பாத்திரத்தை மட்டும் உள்ளே நீட்டுவார்கள். ரமேஷ் யார் என்று தெரியாத தெரு மேற்குப் புறநகரில் கிடையாது. ரமேஷைப் பார்த்தவரும் கிடையாது.

உலகின் பிற விழாக்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை புரியும். மியூனிக்கில் 1810 அக்டோபர் 12 அன்று பட்டத்து இளவரசர் லுட்விக்கின் திருமணத்தை ஒட்டித் தொடங்கிய அக்டோபர் விழாவில், பெரிய கூடாரங்களில் உட்கார இடம் கிடைத்தவருக்குத்தான் பொதுவாகப் பீர் வரும். வரும் கண்ணாடிக் குவளை எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரு லிட்டர். அங்கே திருட்டு என்றால் குவளைத் திருட்டு: 2019-இல் மட்டும் 96,912 குவளைகளை வாசலில் மடக்கிப் பிடுங்கினார்கள். அதாவது அங்கே பீரைக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். இங்கே பாத்திரத்தைக் கொண்டுவந்து கூழைக் குடிக்காமல் கொண்டுபோகிறார்கள். ஒப்பீட்டுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாஸ்மாக் கடையும் அதே நண்பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது. அங்கேயும் வரிசை உண்டு, வெயில் உண்டு, வீட்டில் கஷ்டம் உண்டு. ஆனால் குவார்ட்டர் வாங்கப் பெயிண்ட் டப்பா எடுத்து வந்தவர் எவருமில்லை. கவுண்ட்டரில் நின்று மாமியாருக்கு முட்டிவலி என்று சொல்பவரும் இல்லை. காசு கொடுத்து வாங்குமிடத்தில் மனிதர் தேவைக்கு மேல் கேட்பதில்லை என்பதை இலவச விநியோகம் பற்றிப் பேசும் பொருளாதார அறிஞர்கள் பூந்தமல்லிப் பக்கம் வந்து பார்த்து எழுதியிருக்கலாம்.

தொட்டுக்கொள்ளும் பொருள்கள்: முருங்கைக்கீரைப் பொரியல், மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு, பச்சை வெங்காயம். கோயில் வாசலில் இவை பாதிதான் இருக்கும். கருவாட்டுக் குழம்பு வீட்டோடு சரி. கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால் எலும்புக்கு நல்லது என்பதும் உண்மையே. மாமியார்கள் வாதத்தில் அந்த அளவுக்கு அறிவியல் உண்டு. இலையிலோ தொன்னையிலோ மாவிளக்குப் பிரசாதம் தனியாகத் தருவார்கள். அதற்கு வரிசை இல்லை, ஏனென்றால் அதைப் பக்கெட்டில் வாங்க முடியாது.

அண்டா காலியாவது எப்போதும் ஒரே ஓசையோடு நடக்கும். சொம்பு அடியில் உரசும் அலுமினியச் சத்தம் முதலில் கேட்கும். பிறகு பையன் அண்டாவைச் சாய்ப்பான். பிறகு மன்றத்துத் தலைவர் மைக்கில், கூழ் தீர்ந்துவிட்டது, பொறுத்தருள வேண்டும், நன்கொடை அளித்த நல்ல உள்ளங்களுக்கு நன்றி என்பார். அண்மையில் நடந்த விழாவில் டப்பாவுக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே ஆறு பேருக்குக் கிடைத்தது. மூன்று பேருக்கு மேலே இருந்த தண்ணீர் கிடைத்தது. நன்கொடை ரசீது வைத்திருப்பவருக்கு முன்னுரிமை இல்லை, கேட்டுப் பார்க்கப்பட்டது.

குடிக்கும் முறையைச் செய்துகாட்டக் கூழ் தேவைப்படுவதால் அதைத் தற்போதைக்கு ஒதுக்கிவிட்டு, கிடைக்காதவர் செய்ய வேண்டியதைச் சொல்வதே பொருத்தம். முதல் வழி, அடுத்த வாரத்துத் தெருவை விசாரிப்பது. பந்தல்காரரிடம் கேட்டால் தேதி கிடைக்கும். இரண்டாவது வழி, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கமும் சி.டி.எச். ரோட்டிலும் மண்பானையோடு நிற்கும் தள்ளுவண்டி. ஆண்டு முழுக்கக் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் கிடைக்கும். மோர்மிளகாயும் மாங்காயும் கேட்காமலே வரும். வரிசை கிடையாது. ஒருவர் ஒரு சொம்புதான் குடிப்பார். காசு கொடுத்துக் குடிக்கும் கூழில் அம்மன் அருள் சேராது என்று சிலர் சொல்வதுண்டு. சொல்பவர்கள் பக்கெட்டோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள்.