எட்டெழுத்தில் அடங்கிய தலையெழுத்து

குறுவட்டில் தரவு பதிவாகும் முறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எனினும், சென்ற வாரம் ஒரு ஸ்கேன் மையம் பெரிய உறையிலிட்டு வழங்கிய குறுவட்டை, இரவல் வட்டு இயக்கியில் இட்டுத் திறந்தபோது தென்பட்ட கோப்புப் பெயர்களைத் தாண்டிச் செல்ல இயலாமையால், முதலில் அவற்றைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டியுள்ளது.

1985இல் அமெரிக்காவின் டாஹோ ஏரிக்கரையில், ஹை சியரா விடுதியில் கூடிய கணினித் துறையினர், எந்தக் குறுவட்டையும் எந்தக் கணினியும் படிக்க வேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்துடன் ஒரு கோப்பு முறைமையை, அதாவது வட்டில் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று காட்டும் ஏட்டின் அமைப்பை, வகுக்க முற்பட்டனர். அது சில மாற்றங்களுடன் 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்னும் தரநிலையாயிற்று. அதன் முதல் நிலையில் கோப்புப் பெயருக்கு எட்டெழுத்து, புள்ளிக்குப் பின் மூன்றெழுத்து, அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவை மட்டுமே. பெயரின் வாலில் அரைப்புள்ளியும் பதிப்பெண்ணும் வேறு. அச்சிட்டபின் மாற்றவே இயலாத வட்டுக்கு இரண்டாம் பதிப்பை எதிர்பார்த்த நன்னம்பிக்கை வியக்கத்தக்கது.

பின்னர் மைக்ரோசாஃப்ட் ஜோலியட் என்னும் நீட்டிப்பால் 64 யூனிகோட் குறிகளை அனுமதித்தது. 'தமிழ்' என்ற மூன்றெழுத்தே அவற்றில் ஐந்தை விழுங்கிவிடும். யூனிக்ஸ் அன்பர்கள் தம் நீட்டிப்புக்கு ராக் ரிட்ஜ் என்று 1974ஆம் ஆண்டின் ஹாலிவுட் நகைச்சுவைப் படமொன்றில் வரும் ஊரின் பெயரைச் சூட்டினர். இத்துறையில் நேர்மையானவர்கள் அவர்களே எனலாம். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரநிலையோ இன்றும் பெரிய எழுத்துகளாலான எட்டெழுத்துப் பெயரையே பற்றிக்கொண்டிருப்பதால், ஒருவரது முதுகெலும்பு முழுவதும் 'ஐஎம்000001' முதல் வரிசையாக எண்ணிடப்பட்டுக் கிடக்கிறது. அவற்றின் பொருளடக்கமான 'டைகாம்டிர்' என்னும் கோப்பின் பெயரும், ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தால், மிகச் சரியாக எட்டெழுத்துதான்.

பதிவு முறைகளுக்கென ஒதுக்கிய இடம் இதற்குள் தீர்ந்துவிட்டது. வட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதி மூடுவது ஒரு முறை; தடம் தடமாக எழுதிச் செல்வது மற்றொரு முறை; பின்னதில் அமர்வை, அதாவது ஒரு தடவையில் எழுதிய பகுதியை, மூடாமல் விட்டால் பிற கணினிகள் பெரும்பாலும் அவ்வட்டைப் படிப்பதில்லை. எனவே, வட்டு வழங்குவோர் அமர்வை மூடி வழங்குவதோடு, மடிக்கணினிகளில் வட்டு இயக்கியே இல்லாத இக்காலத்தில் அதை எங்கே கொண்டுபோய்ப் படிப்பது என்பதையும், எத்தனை எழுத்தானாலும் சரி, உறையின் மேல் எழுதித் தரவேண்டும்.