சாஆவில் பட்டர் தேர்வு: மணிக்கட்டு, உளி, மூக்குச்சாய்வு குறித்த ஓர் ஆய்வு

பாயிரம்

நூலின் பாயிரம் தொடக்கத்திலேயே எட்டுச் செய்திகளைச் சொல்லியாக வேண்டும் என்பது தமிழ் இலக்கண மரபு. அவற்றுள் ஆக்கியோன் பெயரைத் தன்னடக்கம் கருதியும், வழியையும் யாப்பையும் அவை இல்லாமை கருதியும் விட்டுவிடுகிறேன். நூற்பெயர் மேலே தலைப்பிலேயே இருக்கிறது. எல்லை: வடக்கே லாபிஸ், தெற்கே யோங் பெங், இரண்டையும் இணைக்கும் முதலாம் எண் கூட்டரசுச் சாலை, நடுவே ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த சாஆ. நுதலிய பொருள்: கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் கடைசியாகக் குழிக்குள் உருட்டும் பட்டர் என்னும் கோலை அவரவர் வீச்சுக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பது. கேட்போர்: ஞாயிறு காலையில் சிகாமட்டுக்கோ குளுவாங்குக்கோ ஒரே காரில் நால்வராகப் போய், மதியம் நான்கு காரணங்களோடு திரும்பி வருவோர். பயன்: அக்காரணங்களில் ஒன்றையாவது குறைத்தல்.

பொருள் அற்பம் என்று முகம் சுளிப்போர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 72 அடியில் முடிய வேண்டிய ஆட்டத்தில், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகளைப் பட்டருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பையில் 14 கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். பாதி வேலையை ஒன்று செய்கிறது, மீதிப் பாதியை மற்ற 13-உம் பங்கு போட்டுக்கொள்கின்றன. எந்த அலுவலகத்தையும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை.

பகுப்பு

பிளேடு என்கிற ஒல்லிவகை, மேலட் என்கிற மொத்தைவகை என்று பட்டரை உருவம் பார்த்துப் பகுப்பது தொடக்கநிலை மாணாக்கர் செயல். எடை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே மெய்யான பகுப்பு. அதை அறியக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு விரல் போதும்.

தலைக்குச் சற்று மேலே தண்டை விரல்மீது கிடையாகத் தாங்குங்கள். பந்தை அடிக்கும் முகம் வானத்தைப் பார்த்துக் கிடந்தால் அது சமமுகப் பட்டர். தலையின் வெளிமுனையாகிய மூக்கு தரையை நோக்கித் தொங்கினால் மூக்குச்சாய்வுப் பட்டர். தொங்கல் கொஞ்சமா நிறையவா என்பதை நாலரை மணி, ஆறு மணி என்று கடிகார முள்ளை வைத்துச் சொல்வார்கள். தண்டின் அச்சு தலையின் ஈர்ப்பு மையத்தின் வழியே போனால் தலைக்கு எந்தப் பக்கமும் திரும்பும் ஆசை இராது. மையம் அச்சைவிட்டு மூக்குப் பக்கம் தள்ளியிருந்தால், பின்னே இழுக்கையில் முகம் திறக்கப் பார்க்கும், முன்னே வருகையில் மூடப் பார்க்கும். இதிலிருந்து பிறந்ததுதான் கடைகளில் ஓதப்படும் விதி: நேர்கோட்டில் ஆட்டுவோர்க்குச் சமமுகம், வில்லாக வளைத்து வீசுவோர்க்கு மூக்குச்சாய்வு. டைகர் உட்ஸ் தம் 15 மேஜர் பட்டங்களில் 14-ஐ வென்ற ஸ்காட்டி கேமரன் நியூபோர்ட் 2 பின்சொன்ன வகையைச் சேர்ந்தது.

இவ்வளவு கவலை எதற்கு? பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் முகத்தின் பொறுப்பு. வீச்சின் பாதைக்கு மிச்சம்தான். பத்து அடித் தொலைவில், கிளம்பும் திசை ஒரே ஒரு பாகை பிசகினால் பந்து 2.1 அங்குலம் விலகும். குழியின் விட்டம் 4.25 அங்குலம், அதில் பாதி 2.125. ஆக, ஒரு பாகை பிழை செய்தவனுக்கு விளிம்பில் மிஞ்சுவது முக்கால் மில்லிமீட்டர். இந்த முக்கால் மில்லிமீட்டரை நம்பித்தான் உலகெங்கும் ஒரு தொழிலே நடக்கிறது.

நேர்கோட்டு வீச்சு என்பதே ஒரு கற்பனை என்பாரும் உளர். அவர்கள் பக்கம் சட்டம் இருக்கிறது: பட்டரின் தண்டு செங்குத்திலிருந்து குறைந்தது 10 பாகையாவது சாய்ந்திருக்க வேண்டும் என்று விதிநூல் கட்டளையிடுகிறது. சாய்ந்த தண்டைத் தோளால் ஆட்டினால் அது வில்லாகத்தான் வளையும். நேராக ஆட்டுகிறேன் என்பவர் தம் கைகளால் ஓயாது அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

களம்

இங்கேதான் சாஆ ஆய்வுக்குள் நுழைகிறது. இன்று இப்பக்கத்துத் தீம்பாரெல்லாம் பெரும்பாலும் செம்பனை. அதற்கு முந்தைய தலைமுறையின் மணிக்கட்டை உருவாக்கியது ரப்பர். பால்வெட்டு மரத்தைச் சுற்றி அரைவட்டமாகப் போகும் வேலை. வெட்டு, கிடைமட்டத்திலிருந்து 25 முதல் 30 பாகை சரிவில் இறங்கும். அதுவும் இடது மேலிருந்து வலது கீழாக, ஏனெனில் பட்டைக்குள் பால்குழாய்கள் மூன்று நான்கு பாகை எதிர்ப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. மாற்றி வெட்டினால் குறைந்த குழாய்களே அறுபடும், பால் குறையும். ஒருமுறை சீவும் பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். அடியில் வளர்படலத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் விட்டுவைக்க வேண்டும், தொட்டால் மரத்தில் காயம். இத்தனையும் விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் மங்குக்கு வராது.

ஆகவே என் கருதுகோள்: மில்லிமீட்டர் கணக்கில் அரைவட்டம் வெட்டிப் பழகிய குடும்பத்து வாரிசுக்கு வில்வீச்சுதான் வரும். அவருக்கு மூக்குச்சாய்வுப் பட்டரே உரியது.

கருதுகோளைச் சோதிக்க, சாஆ கடைத்தெருவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு தகவலாளரை அணுகினேன். பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபதுக்கு மேல். உரையாடலை மொழியியல் துல்லியத்தோடு தருகிறேன்.

“என்னா தம்பி இது, புது மாதிரி உளியா?”

“பட்டர், மாமா. கோல்ஃப் ஆடுறது.”

வாங்கி, கேட்காமலேயே தண்டை விரலில் தாங்கிப் பார்த்தார். மூக்கு தொங்கியது. தலையாட்டிக்கொண்டார்.

“எந்தப் பக்கம் தீட்டுறது?”

“தீட்டுறதில்ல மாமா.”

“எவ்ளோ?”

ஆயிரம் வெள்ளிக்கு மேல் என்றேன்.

“தீட்டாத உளிக்கா!”

இந்தப் பதிலில் இரண்டு தரவுகள் இருக்கின்றன. ஒன்று, விரல் சோதனை இவருக்குக் கடைக்காரர் கற்றுத் தந்ததல்ல. எடை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் இவர் எந்தக் கருவியையும் கையில் எடுத்ததில்லை. இரண்டு, விலை. இரண்டாவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கருதுகோளுக்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் குடும்பங்களின் இளைய தலைமுறை இன்று ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறது. அந்த வலது மணிக்கட்டில் உளி இல்லை, முடுக்கிதான் இருக்கிறது. அது வில்லுக்கு இழுக்குமா நேருக்கு இழுக்குமா என்பது அடுத்த ஆய்வாளருக்கு விட்ட பணி.

பரபக்கம்

எதிர்வாதியர் சொல்வது: குறை கையில்தான், கோலில் ஒன்றுமில்லை. எந்தத் தடியைக் கொடுத்தாலும் ஆடுபவன் ஆடுவான்.

இதற்கு மறுப்பு ஆட்டத்தை ஆள்வோரின் நடத்தையிலேயே கிடைக்கிறது. 1904-இல் இங்கிலாந்தின் சாண்ட்விச்சில் நடந்த பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வால்டர் டிராவிஸ் என்கிற அமெரிக்கர் வென்றார். கையில் தலையின் நடுவே தண்டு செருகிய ஸ்கெனெக்டடி பட்டர். தோற்றவர்கள் சில ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 1910-இல் விதி வகுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் வாயிலாக அந்த வகைக்கே தடை போட்டார்கள். அமெரிக்கா அதை ஏற்கவில்லை. அதிபர் டாஃப்ட்டே பட்டருக்கு ஆதரவாகப் பேசினார். 1951-இல் இரு தரப்பும் உட்கார்ந்து விதிகளை ஒன்றாக்கிய பிறகே தடை நீங்கியது. கோலில் ஒன்றுமில்லை என்றால் நாற்பது ஆண்டுத் தடை எதற்கு? மனிதனைத் தடுக்க முடியாதபோது தடியைத் தடுத்தார்கள் என்று எதிர்வாதி சொல்லக்கூடும். அது பொருந்துகிறதே என்பதுதான் எனக்கும் சங்கடம்.

கார்ஸ்டன் சோல்ஹைம் வேறு வழியில் பதில் சொன்னார். நார்வேயில் பிறந்து, அமெரிக்காவில் செருப்புத் தைத்து, பின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளர் ஆனவர். நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பிடித்தது, பட்டிங் பிடிபடவில்லை. பலரும் இந்நிலையில் கையைத் திட்டுவார்கள். இவர் 1959-இல் தம் கராஜில் கோலைத் திருத்தினார். எடையைத் தலையின் இரு முனைகளுக்கும் தள்ளிவைத்தால், பந்து நடுவில் படாவிட்டாலும் தலை அவ்வளவாகத் திருகாது. அடிபட்டபோது எழுந்த ஓசையே பிங் என்று பெயரானது. 1966-இல் ஒரு பழைய இசைத்தட்டின் உறைமீது அவர் வரைந்த ஆன்சர், இன்றுவரை உலகம் பார்த்துப் படியெடுக்கும் உருவம். நியூபோர்ட் 2-உம் அதன் வம்சமே.

சுபக்கம்

என் கட்சி: முதலில் கை, அதன் பிறகே கோல். மரத்துப் பால்குழாயின் சாய்வைப் பார்த்துத்தான் உளி எந்தப் பக்கம் இறங்கும் என்று முடிவாகிறது. உளிக்காக எந்த மரமும் தன் குழாயைத் திருப்பிக்கொண்டதில்லை.

இதற்குச் சான்றாக டர்பன் நகரத்துச் சீவ்சங்கர் சேகோலத்தை அழைக்கிறேன். பாப்வா என்று அழைக்கப்பட்ட இவர் தென்னாப்பிரிக்க இந்தியர், கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கியவர். பள்ளிக்கூடம் போகாதவர். மரக்கிளையை வெட்டிக் கோலாக்கி ஆடிப் பழகியதால், வலக்கை மேலும் இடக்கை கீழுமாகத் தலைகீழாகப் பிடித்தார். திருத்திவிட ஆசிரியர் யாரும் கிடைக்கவில்லை, நல்லவேளை. அந்தப் பிடியோடேயே 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் டச்சு ஓப்பனை வென்றார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனையும் வென்றார். நிறவெறிச் சட்டத்தால் வெற்றிபெற்றவர் கிளப் கட்டடத்துக்குள் நுழைய முடியாது. வெள்ளையர்கள் உள்ளே இருக்க, மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகைச் சுற்றி வந்தது. ஆய்வுக் கட்டுரைக்கு இது பக்கவாட்டுச் செய்திதான். ஆனால் பட்டர் பிடிப்பது எப்படி என்று பேசும் எவரும் அந்த மழையைத் தாண்டிப் போக முடியாது.

இடக்கை கீழே போகும் அதே பிடி இன்று பட்டிங்கில் மட்டும் மரியாதைக்குரிய பாடமாகிவிட்டது. ஜோர்டான் ஸ்பீத் 2015 மாஸ்டர்ஸை அப்படிப் பிடித்துத்தான் வென்றார். அதை யாரும் பிழை என்று சொல்லவில்லை.

ஒழிபு

மேற்கூறியவற்றுள் அடங்காதவை இங்கே. நீளம்: கடையில் விற்பவை பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம். விதிநூல் கேட்பது குறைந்தது 18. குனிந்து நின்று, உங்கள் மூக்குத்தண்டிலிருந்து ஒரு பந்தை விழவிட்டால் அது தரையிலுள்ள பந்தின்மீதோ அதையொட்டியோ விழ வேண்டும். இல்லையென்றால் பட்டர் நீளமா குட்டையா என்று பாருங்கள், முதுகைக் குறை சொல்லாதீர்கள். கோலின் முனையை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றி ஆட்டுவது 2016 ஜனவரி முதல் தடை. தொப்பையைக் கருவியாக்க இருந்த ஒரே ஆட்டவழியும் அதோடு போயிற்று.

கனம் பற்றி இரு கட்சிகள். பெர்முடாப் புல், மழை, குழியைச் சுற்றி மெதுவான கிரீன் என்னும் புல்தரை: ஆகவே கனத்த தலை வேண்டும், பந்தைத் தள்ள உதவும் என்கிறது ஒன்று. அதே புல், அதே மழை, அதே மெதுவான கிரீன்: ஆகவே இலேசான தலை வேண்டும், தாராளமாக வீசலாம் என்கிறது மற்றொன்று. மழை என்னவோ உண்மை. 2012-இல் ஜொகூரின் ஹொரைசன் ஹில்ஸில் நடந்த இஸ்கண்டார் ஜொகூர் ஓப்பன் வானிலையால் 54 குழிகளாகச் சுருங்கியது. கடைசிச் சுற்றில் 61 அடித்து அதை வென்றவர், பட்டிங்கில் தடுமாறுபவர் என்று பெயர் வாங்கிய செர்ஜியோ கார்சியா. இரு கட்சியும் இச்செய்தியைத் தம் பக்கமே எடுத்துக்கொள்கின்றன.

புல் சாய்ந்திருக்கும் திசை தனிக் கட்டுரைக்குரியது. பளபளப்பாகத் தெரிந்தால் புல் உங்களைவிட்டு விலகிச் சாய்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்க்கிறது. எந்தப் பட்டரும் இதைத் தானாகப் பார்த்துச் சொல்லாது.

கடைக்குப் போகையில் விரலைக் கொண்டுபோக மறக்க வேண்டாம். திரையும் கேமராவும் வைத்து உங்கள் வீச்சை அளந்து தருவார்கள். அளக்கட்டும், தவறில்லை. ஆனால் அங்கே மெத்தைத் தரையில் உருட்டிய பத்துப் பந்தும் உள்ளே போவது எல்லாப் பட்டருக்கும் பொது. மதிய வெயிலுக்கு ஏர்கோன் காற்றில் ஒதுங்கி, இரண்டு மணி நேரம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் கிளம்புவோரும் உண்டு. அவர்களும் இவ்வாய்வின் கேட்போருள் அடங்குவர்.